முனகலுக்குச் சேர்த்த சுருதி

...சொல்லிவிட வேண்டியதுதான், இன்றைக்குச் சொல்லாவிட்டால் அடுத்த வெள்ளி, அதற்கடுத்த வெள்ளி என்று இழுத்துக்கொண்டே போகும். கூட்டாளி அமான் தம்மாமிலிருந்து வெள்ளிக்கிழமைதான் கூப்பிடுவான், சவுதியில் அன்றைக்குத்தான் லீவு, தொழுதுவிட்டு, தின்றுவிட்டு, ஒரு தூக்கம் போட்டுவிட்டுக் கூப்பிடுவான், எடுத்த எடுப்பில் சொல்லிவிட வேண்டும், முடியலடா, காது போச்சு, மிச்சப் பாட்டை நீயே பார்த்துக்கோ என்று... வேதமாணிக்கம் திருவொற்றியூரில் ரயிலேறி, ஜன்னலோரம் கிடைத்தும் வெளியே பார்க்காமல், செல்போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல் நுனியெல்லாம் வார்னிஷ் வாசனை, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது, மோட்டார் காயில் கட்டுகிறவன் கையை முகர்ந்தே தொழில் சொல்லிவிடலாம். இன்றைக்குக் கடையில் ஒன்றும் பெரிய வேலை இல்லை, ஆனாலும் அடித்துப் போட்டது போல இருக்கிறது, மூன்று பம்பு, ஒரு கிரைண்டர், கடைசியில் அந்தப் பூவம்மா அக்கா தூக்கிக்கொண்டு வந்த மேசை ஃபேன். மகன் ரியாத்திலிருந்து கொண்டுவந்ததாம், "அங்க பிச்சிகினு சுத்திச்சாம் நைனா, இங்க வந்து சோம்பேறி ஆயிடுச்சி, இன்னா கேடு வந்துச்சோ பாரு" என்றாள். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, வாரம் ஒன்று வருகிறது, அந்த ஊர் கரண்டு வேற அக்கா, அந்த ஊர் ஃபேன் இங்க மெதுவாத்தான் சுத்தும் என்று தூக்கத்தில் உளறுவது மாதிரிச் சொல்லி அனுப்பினான். கடை முதலாளி மதார் சாகிப், காசு வாங்காமல் அனுப்பிவிட்டாயே என்று முறைத்தார். முறைக்கட்டும். இன்றைக்கு யார் முறைத்தாலும் உறைக்கிற நிலையில் அவன் இல்லை.

காது போச்சு என்று எப்படிச் சொல்வது, அமான் சிரிப்பானா, இல்லை, அழுதுவிடுவான் அந்த முட்டாள்... எத்தனை வருஷம், தண்டையார்பேட்டையில் அமானின் மாமா பூட்டிப்போட்ட கிடங்கில் இரண்டு கிடாரும் ஓர் ஓட்டை ஆம்ப்ளிஃபயரும். எர்த் கிடையாது, சுவிட்சைப் போட்டதும் ம்ம்ம் என்று ஒரு முனகல், நிற்கவே நிற்காது. பார்க்க வந்தவனெல்லாம் முதலில் அதைச் சரி பண்ணுங்கடா என்றான். அமான்தான், வேணாம் மாமு, இதுவே நல்லாக் கீது, இதுக்கே சுருதி சேர்த்துக்கலாம் என்றான், அதுவே வழக்கமாகிவிட்டது. தடித்த தந்தியைத் தளர்த்தித் தளர்த்தி, அந்த முனகலோடு உரசாமல் உட்காரும்வரை இறக்குவார்கள், அதற்கப்புறம் ஒரே ஓர் அடி, அது ஓய்ந்து சாகப் போகிற நேரம் மற்றவன் அடிக்க வேண்டும், சத்தம் அறுந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் சட்டம். தாளம் இல்லை, பாட்டு இல்லை, இருபது நிமிஷம், அரை மணி நேரம், கடலோரத்தில் இருட்டிக்கொண்டு வருகிற மாதிரி. இதற்கெல்லாம் ட்ரோன், டூம் மெட்டல் என்று பெயர் இருக்கிறது என்பதே பிறகுதான் பிரவுசிங் சென்டரில் தெரிந்தது. டூம்னா இன்னாடா என்று இவன் கேட்டதற்கு, "உங்க கோயில்ல நியாயத்தீர்ப்பு, எங்க பள்ளில கியாமத், அவ்ளோதான் மாமு" என்றான் அமான். இவன் மனைவி சலேத்துக்கு அதெல்லாம் எடுபடவில்லை, பக்கத்து வூட்ல மிக்சி ஓடினு கீறாப்ல கீது, இதுக்கா ரெண்டு ஆம்பளைங்க என்றாள். சொன்னாலும் அவள்தான் கிடங்குக்கு டீ கொண்டுவந்து, வாசலிலேயே நின்று கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுப் போவாள்.

மூன்று பாட்டு அப்படி இங்கேயே பதிந்தாகிவிட்டது. நாலாவது மட்டும் பாக்கி, நாலு சேர்ந்தால் ஆல்பம், பெங்களூரில் ஒருவன் நூறு சிடி போட்டுத் தருகிறேன் என்று காத்திருக்கிறான். இரண்டு பேர் பேரும் அட்டையில் வரும், வேதமாணிக்கம், அமான், வேறொன்றும் வேண்டாம்... அதற்குள் அமான் சவுதிக்குப் போய், காய்கறிக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போய்விட்டான். போனவன் சும்மா இருந்தானா, கூடத் தங்கியிருக்கும் பிலிப்பினோக்காரனிடம் கிடாரும் ஆம்ப்பும் இரவல் வாங்கி, தன் பங்கை வாசித்து, ஊருக்கு வந்த யாரிடமோ சிடி கொடுத்தனுப்பினான், இது மேலே நீ வாசி மாமு, பழைய மாதிரியே. பழைய மாதிரியா? வேதமாணிக்கம் கிடங்கின் அதே ஓட்டை ஆம்ப்பைப் போட்டு, முனகலுக்குத் தந்தியை இறக்கி, சிடியை ஓட விட்டு ஓர் அடி அடித்தான். சேரவில்லை. அமானுடையது மூன்று ஃப்ரெட், கிடார் கழுத்தில் மூன்று கட்டம், மேலே நின்றது, மூன்றுகூட இல்லை, மூன்றும் ஒரு துளியும். சரி என்று தந்தியை ஏற்றி அவனோடு சேர்ந்தால், இப்போது சொந்த ஆம்ப்பே முனகிக்கொண்டு குறுக்கே நிற்கிறது. மறுநாளும் அதேதான், அதற்கு மறுநாளும். அமான் தப்பாகச் சுருதி சேர்க்க மாட்டான், செத்தாலும் மாட்டான், அவன் காது அப்படி. அப்படியானால் தப்பு யாருடையது? போன தீபாவளியிலிருந்து வலது காதில் ஒரு விசில், நாளெல்லாம் மோட்டாரை ஓட்டிப் பார்க்கிறவனுக்கு அதுவே பெரிய விஷயமில்லை என்று விட்டது... இதற்குத்தான் அடி போட்டிருக்கிறது. கிடாரைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். இன்னாத்துக்கு மூஞ்சியத் தூக்கிகினு கீறே என்று சலேத் கேட்டாள், ஒன்றுமில்லை என்றான். அவளிடம் சொன்னால் உண்மையாகிவிடும் போல ஒரு பயம்.

கொறுக்குப்பேட்டைக்கு முன்னால் வண்டி நின்றுவிட்டது. கூட்ஸ் போக வேண்டும் போல, எப்போதும் இதுதான், நமக்கென்ன அவசரம் என்று நிற்கும். சக்கரச் சத்தம் நின்றது, பேச்சும் ஓய்ந்தது, மோட்டார் பெட்டி என்பதால் காலடியில் டிரான்ஸ்ஃபார்மர் மட்டும் ம்ம்ம் என்று... தன்னை அறியாமல் அவன் தொண்டைக்குள் அதோடு சேர்ந்து முனகினான். உட்கார்ந்தது. உரசல் இல்லை, அலை இல்லை, கச்சிதமாக உட்கார்ந்தது. காது போனவனுக்கு இது எப்படி உட்காரும்? இன்னொரு தடவை முனகிப் பார்த்தான், எதிரே இருந்த மீன்கூடைக்காரி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள். இதே முனகல்தான், கடையிலும் இதேதான், கிடங்கு ஆம்ப்பிலும் இதேதான், எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்தவை, ஒரே கரண்டு, நொடிக்கு ஐம்பது ஆட்டம்... ஐம்பது. அந்த ஃபேன். அந்த ஊர் கரண்டு வேற அக்கா. அங்கே அறுபது, அதனால்தான் ஃபேன் அங்கே வேகம், இங்கே சோம்பேறி, ஃபேனுக்கு அறுபது என்றால் ஆம்ப்புக்கு மட்டும் என்ன, அதன் முனகலும் அறுபது. அமான் பழக்கதோஷத்தில் முனகலுக்குத்தானே சேர்த்திருப்பான், கச்சிதமாகச் சேர்த்திருப்பான், அந்த ஊர் முனகலுக்கு! ஊரில் இருக்கிற ஃபேனுக்கெல்லாம் வியாக்கியானம் சொன்னவனுக்கு, தன் கிடார் விஷயத்தில் புத்தி வேலை செய்யவில்லையே, எத்தனை நாள் கட்டிலுக்கடியில் கிடக்க விட்டேன்... சந்தோஷம் வந்தது, ஆனால் அதுவும் களைத்துப்போய்த்தான் வந்தது, படியேறி வந்தவன் மாதிரி. அப்போது போன் அடித்தது.

"மாமு, ஒண்ணு சொல்லணும், கோச்சிக்காத" என்றான் அமான், சலாம்கூடச் சொல்லாமல். இவன் சொல்ல வந்ததை வாயிலேயே வைத்துக்கொண்டான். "நாலாவத நீயே முடிச்சுடு. எனுக்குக் காது பூட்சி மாமு. நம்ம பழைய மூணையும் போட்டு, கூட வாசிச்சுப் பாத்தேன், சேரவே மாட்டேங்குது. இத்தினி நாளா உன்கைல எப்டிச் சொல்றதுன்னே பேஜாராக் கீது." குரல் உடைந்திருந்தது, அந்த முட்டாள், அங்கே தனியாக உட்கார்ந்து இதே பயத்தை... வேதமாணிக்கத்துக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது, பெட்டியே திரும்பிப் பார்த்தது. "டேய், உனுக்கும் போவல, எனுக்கும் போவல. அங்க கரண்டு அறுவது, இங்க அம்பது. நீ அந்த ஊரு முனகலுக்குச் சேத்துகினே, அவ்ளோதான்."

அமான் சிரித்தான், திட்டினான், மோட்டாரு கட்றவனுக்கு இது இப்பதான் தெரியுதா என்றான், பிறகு அவனே மெதுவாக, "அப்ப நான் ஸ்ட்ரிங்க எறக்கிடட்டா? எறக்கிட்டா சரியாப் பூடும்ல?" இறக்கலாம். தந்தியை இறக்கலாம், அந்த அறையின் முனகலை யார் இறக்குவது, அது அவன் அடிக்கும்போதெல்லாம் கூடவே மேலே நிற்குமே... "நீ எப்போ வர்றே" என்று கேட்டான், கேட்க நினைத்தது அது இல்லை. "கௌசருக்கு விசா ரெடி ஆயிகினு கீது மாமு. அவளும் கொளந்தையும் வந்துட்டா இங்கியேதான்..." என்று அமான் இழுத்தான். மனைவி, குழந்தை, இனி அவன் வீட்டில் சுற்றுகிற ஃபேன், எரிகிற லைட், எல்லாம் அந்தக் கரண்டில்தான். சரி என்றான் வேதமாணிக்கம். நல்லது என்றான். நல்லதுதான்.

போனில் அமானுக்குப் பின்னால் ஏசி ஓடுவது கேட்டது, ம்ம்ம் என்று, மூன்று ஃப்ரெட்டும் ஒரு துளியும் மேலே. காலடியில் ரயில் கீழே. இரண்டும் ஒரே நேரத்தில். கட்டிலுக்கடியில் கிடாரைத் தள்ளிய அன்றைக்குச் சண்டையாகக் கேட்டது இதுவேதான், இப்போது சண்டை மாதிரி இல்லை, வேறு என்ன மாதிரி என்றும் தெரியவில்லை.

"மாமு? லைன்ல கீறியா? எறக்கட்டுமா வேணாமா, சொல்லு."

"இரு" என்றான் வேதமாணிக்கம். "கொஞ்ச நேரம் பேசாத இரு, அந்த ஏசி சத்தம் கேக்கட்டும்." வண்டி இன்னும் கிளம்பவில்லை.