கதவில் இருந்த எழுத்துகள்

சமையலறைக் கத்தியால் அண்ணன் காரின் கதவைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அம்மாவைக் குளிப்பாட்டி அப்போதுதான் ஹாலில் கிடத்தியிருந்தார்கள். கறகறவென்ற சத்தம் கேட்டு வாசலுக்கு வந்த தங்கைக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. ‘பெண்கள் கார் பயிற்சி’ என்று அம்மா ஒட்டியிருந்த சிவப்பு எழுத்துகளில் பாதி பிய்ந்து தொங்கின. பெயின்ட்டில் நீளமாக ஒரு கீறல்.

“என்ன பண்ற?”

“ஆபீஸ்லேர்ந்து பெரிய ஆளுங்கல்லாம் வராங்க. சுடுகாட்டுக்கு இந்த வண்டிதான் பின்னால போகணும். விளம்பரத்தோடயா போறது?”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா இந்தக் காரில் காலேஜுக்குக் கொண்டுபோய் விடும்போதெல்லாம் இரண்டு தெரு தள்ளியே இறங்கிக்கொண்டவன் இவன்.

“அம்மா இருந்தப்ப சொல்றதுதானே? வாய் இருந்துச்சுல்ல?”

“கத்தாதடி. உள்ள ஆளுங்க இருக்காங்க.”

“இருக்கட்டும். பெத்த புள்ள என்ன வேலை பாக்கறான்னு வந்து பாக்கட்டும்.”

கத்தியைப் பிடுங்கித் தூர எறிந்தாள். கிழிந்ததை இனி ஒட்டவும் முடியாது, அப்படியே விடவும் முடியாது. ஒரு சேற்றுப் பொட்டோடுகூட அம்மா வண்டியை வெளியே எடுத்ததில்லை. உள்ளே போய்த் தலை உலர்த்தும் மெஷினைக் கொண்டுவந்தாள். சூடு காட்டி, பசை இளகியதும் நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, ஒவ்வோர் எழுத்தாக உரித்தாள்.

“பசை போக எண்ணெய் எடுத்துட்டு வரவா?”

“நீ ஒண்ணும் தொடாத.”

அம்மாவிடம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த நர்ஸம்மா கேட் அருகே வந்து நின்றார்.

“ஏம்மா எடுக்கறீங்க? இதைப் பாத்துட்டுத்தானே நான் வந்து சேந்தேன்.”

தங்கை அண்ணனைப் பார்த்தாள். சொல்லேன், இப்போது சொல்லேன் என்பதுபோல. அவன் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டான்.

அம்மாவை ஏற்றிய வண்டி புறப்பட்டதும், சாவிக்காக அண்ணன் கை நீட்டினான். அவள் பார்க்காததுபோல் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். பெரியவர்கள் பின்சீட்டில் நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார்கள். மீதி இருந்தது முன்னால் அம்மா உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கும் இடம். ஓட்டப் பழகுகிறவர்கள் தடுமாறினால் நிறுத்துவதற்கு அந்தப் பக்கமும் ஒரு பிரேக் வைத்திருந்தாள் அம்மா. அண்ணன் தயங்கிவிட்டு அங்கே உட்கார்ந்தான்.

தெருமுனையில் கார் குலுங்கி நின்றது.

அவள் கால் பிரேக்கில் இல்லை. குனிந்து பார்த்தாள். அண்ணனின் வெறுங்கால் அம்மாவின் பிரேக்கை அழுத்திக்கொண்டிருந்தது. முகம் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

“காலை எடு.”

அவன் எடுக்கவில்லை. முன்னால் போன வண்டி திருப்பத்தில் மறைந்தது. பின்னால் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள்.