பதினொரு தரம் அணைத்த ஞாயிறு

கரம்பொன் கரையிலுள்ள எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்துக்கு ஜெனீற்றா எழுதுவினைஞராக வந்தபோது, கடிதம் அடிக்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மனேச்சர் தயாபரனுக்கு, அதாவது எனக்கு, அதற்குமேல் யோசிக்கத் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் கணினி படித்தவர் என்று விண்ணப்பத்தில் இருந்தது. அந்த வரியை நான் கவனிக்கவேயில்லை.

சங்கத்தின் முப்பத்தெட்டுப் படகுகளிலும் ஒவ்வொரு சிறிய கருவி பூட்டியிருக்கிறது. படகு நிற்கும் இடத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது அனுப்பும். பின்னறையிலுள்ள சேர்வர் அதை வாங்கிச் சேமித்து, முன்னறைத் திரையில் வரைபடத்தின்மேல் புள்ளிகளாகக் காட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் கரண்ட் போய் வந்தால் திரை வெறுமையாகிவிடும். இதைப் பூட்டித் தந்த கொழும்புக் கொம்பனிக்கு அழைத்தால், ஒருக்கா நிப்பாட்டித் திரும்பப் போடுங்கோ என்பார்கள். நாலைந்து தரம் போட்டால் ஏதோ ஒரு தரம் சரிவரும். ஏன் சரிவருகிறது என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை.

கார்த்திகை மாதத்து வியாழக்கிழமை ஒன்று. விடிந்ததிலிருந்து வாடைக்காற்று. ஒன்பது படகுகள் கடலில் நின்றன. எட்டு மணிக்குப் போன கரண்ட் ஒன்பதரைக்கு வந்தது. சேர்வர் எழும்பியது, திரையில் ஒரு புள்ளியும் இல்லை. பத்து மணிக்குள் எட்டுப் படகுகள் கரை சேர்ந்துவிட்டன. அன்ரனிதாசின் படகு மட்டும் வரவில்லை. அவரது தொலைபேசியும் வேலை செய்யவில்லை. அவருடைய மனைவி அல்போன்சம்மா வந்து திரைக்கு முன்னால் கதிரையில் இருந்தார். அந்த வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

கொம்பனிக்காரர் வழக்கமானதையே சொன்னார். பின்னறைக்குப் போய் சுவிட்சில் கை வைத்தேன். ஜெனீற்றா குறுக்கே வந்து நின்றார்.

"நிப்பாட்டாதேங்கோ அண்ணை. ஒவ்வொருக்கா நிப்பாட்டேக்கையும் அது திரும்ப முதலிலயிருந்து தொடங்குது. எனக்குப் பத்து நிமிசம் தாங்கோ."

சங்கத்தில் என்னை மறித்து அப்படி யாரும் பேசியதில்லை. கையை எடுத்தேன்.

சேர்வர் தான் செய்வதையெல்லாம் வரிவரியாக எழுதி வைக்குமாம். அதை வாசித்துக்கொண்டே அவர் எனக்கு விளங்கப்படுத்தினார். உள்ளே மூன்று மென்பொருள்கள் ஓடுகின்றன. ஒன்று தரவுத்தளம், எல்லாவற்றையும் சேமிப்பது. இன்னொன்று படகுகளின் செய்தியை வாங்கி அதனிடம் கொடுப்பது. மூன்றாவது திரையில் காட்டுவது. கரண்ட் வந்ததும் மூன்றும் ஒரே நேரத்தில் எழும்புகின்றன. திடீரென அணைந்த தரவுத்தளத்துக்குத் தன்னிடமுள்ளதைச் சரிபார்த்து முடிக்கச் சில நிமிடம் வேண்டும். அதற்குள் இரண்டாவது வந்து மூன்று தரம் கேட்டுப் பார்த்து, பதில் இல்லாமல் நின்றுவிடுகிறது. அது நின்றால் மூன்றாவதற்குக் காட்ட ஒன்றுமில்லை.

தரவுத்தளம் இப்போது பதில் சொல்கிறதா என்று பார்த்தார். சொன்னது. இரண்டாவதைத் தொடக்கினார், செய்தி வந்து விழும்வரை காத்திருந்தார். பிறகுதான் மூன்றாவது.

முப்பத்தேழு புள்ளிகள் கரையில் தோன்றின. அன்ரனிதாசின் புள்ளி மட்டும் அனலைதீவுக்கு மேற்கே, இந்தியக் கடல் எல்லைப் பக்கமாக. நான் கத்தப்போனேன். அவர் பொறுக்கச் சொன்னார். பழைய செய்தியாக இருக்கலாம், இன்னும் இரண்டு வரட்டும் என்றார். வந்தன. புள்ளி மிக மெதுவாகத் தென்மேற்கே நகர்ந்தது.

"எஞ்சின் ஓடேல்லை. காத்து இழுக்குது," என்றார்.

எட்டுப் படகுகளில் கடைசியாகக் கரை சேர்ந்திருந்த குருசுமுத்து, இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு, இரண்டு பேரையும் சங்கத்தின் கைவயர்லெஸ் ஒன்றையும் ஏற்றிக்கொண்டு படகைத் திருப்பினார். புள்ளி நகர நகர ஜெனீற்றா வயர்லெஸ்ஸில் இடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணிக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அன்ரனிதாசின் தொலைபேசி தண்ணீரில் நனைந்துபோயிருந்தது, ஆளுக்கு ஒன்றுமில்லை. அல்போன்சம்மா ஜெனீற்றாவின் இரண்டு கைகளையும் பிடித்து ஒரு கணம் நின்றுவிட்டுக் கரைக்கு ஓடினார்.

எல்லாரும் அவரைப் புகழ்ந்தோம். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"இண்டைக்கு நான் இருந்தனான். நான் வராத நாளில என்ன செய்வியள்?"

சேர்வரில் கைவைத்துத் திருத்த அவருக்குக் கொம்பனியிடம் அனுமதி வாங்கிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை இங்கே யாரும் தொழிலுக்குப் போவதில்லை. தேவாலயத்தில் பூசை முடிந்து நேரே வந்தார். முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி எடுத்து வைத்தார். எனக்குத் தந்த வேலை, சொல்லும்போது மெயின் சுவிட்சை அணைத்துப் போடுவது.

ஒன்றன்பின் ஒன்றாக எழும்பும்படி ஒழுங்கை எழுதினார். அணைத்துப் போட்டேன். திரை வெறுமை. ஒழுங்கு சரியாக இருந்தும் ஏன் என்று கேட்டேன். எழும்புவதும் வேலைக்குத் தயாராவதும் வேறு வேறு என்றார். கொம்பனிக்காரர் இரண்டு நிமிடம் தாமதம் வைக்கச் சொன்னார். ஜெனீற்றா உடன்படவில்லை. சரிபார்ப்பு ஒரு நாள் நாற்பது விநாடியில் முடியும், ஒரு நாள் நாலு நிமிடம் எடுக்கும். ஆகவே தரவுத்தளத்திடம் கேட்டுக்கொண்டேயிருந்து, பதில் வந்தபிறகே அடுத்தது எழும்பும்படி எழுதினார். ஐந்தாம் தரம் புள்ளிகள் வந்தன. எனக்குப் போதும் என்றிருந்தது. அவர் வேண்டுமென்றே தரவுத்தளத்தை எழும்பவிடாமல் வைத்து அணைத்துப் போடச் சொன்னார். திரையில் வெறும் கடல் தெரிந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை.

"அண்டைக்கு அல்போன்சம்மா அக்கா இதைப் பாத்துக்கொண்டு எல்லோ இருந்தவ," என்றார்.

அன்று மத்தியானம் கடந்து பதினோராம் தரம் நான் சுவிட்சைப் போட்டபோது, திரையில் பெரிய எழுத்தில் வந்தது: 'படகுகளின் இடம் இன்னும் தெரியவில்லை. பொறுங்கள்.' மூன்று நிமிடத்தில் எழுத்து மறைந்து, கரையோரம் முப்பத்தெட்டுப் புள்ளிகள் நிறைந்தன. என் மகள் வயதுப் பெண்ணுக்கு முன்னால் நான் எழுந்து நின்றிருந்தேன் என்பதைப் பிறகுதான் கவனித்தேன்.

மார்கழியில் அவர் லீவில் மன்னாருக்குப் போயிருந்த நாளில் கரண்ட் போய் வந்தது. ஏழு படகுகள் கடலில். நான் எதையும் தொடவில்லை. புள்ளிகள் வந்ததும் அவருக்கு அழைத்துச் சொன்னேன். எத்தனை நிமிடம் எடுத்தது என்று கேட்டார். நாலு என்றேன்.

"அது கூடிப்போச்சு அண்ணை. திங்கட்கிழமை வந்து பாக்கிறன்."