மண்டபம் சிரித்த இடம்

படத்தில் ரதீஸ் மன்னிப்புக் கேட்கும் இடத்தில்தான் மண்டபம் அதிகமாகச் சிரித்தது.

புளியந்தீவில் நடந்த முதற்காட்சி அது. கதிரைகள் நிறைந்து சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். படத்தின் முதல் பாதி சிரிப்பதற்கென்றே எழுதியது. சிரித்தார்கள். பிறகு கதை திரும்புகிறது. ஊரெல்லாம் பேர் வாங்கிய ஒரு பகிடிக்காரன், தன் பகிடியால் ஒரு மனிதன் வாய் திறப்பதையே விட்டுவிட்டான் என்று உணர்கிறான். வாவிக்கரையில் அந்த மனிதனின் காலடியில் குந்தியிருந்து மன்னிப்புக் கேட்க வருகிறான். அழுகையில் சொல் வரவில்லை. "ம... ம..." என்று தொண்டைக்குள் இழுபடுகிறது.

அந்தக் காட்சி பதினோராவது தடவைதான் இயக்குநர் அப்ஹாமுக்குத் திருப்தியாக வந்தது. எடுத்து முடித்தபோது ஒலிப்பதிவு செய்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ரதீஸ் கண்டிருந்தான். மண்டபத்தில் நடந்தது வேறு. அந்த முதல் "ம" வந்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவர், "பொ... பொ... பொறுங்க, சொல்றன்!" என்று கத்தினார். சனம் வெடித்துச் சிரித்தது. அதன் பிறகு திரையில் என்ன பேசினார்கள் என்பதே கேட்கவில்லை.

படம் முடிந்ததும் ரதீஸை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கை வாங்கினான்.

"அது பகிடிக் காட்சி இல்ல" என்றான். "நான் உண்மையாத்தான் அழுதனான்."

இன்னும் பெரிய சிரிப்பு.

"சத்தியமாச் சொல்றன். தயவுசெய்து சிரிக்காதிங்க."

கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. முன்வரிசையில் தன் அக்காவுக்கும் மச்சானுக்கும் ரதீஸ் பேர் எழுதி ஒதுக்கியிருந்த இரண்டு கதிரைகளில், இடம் கிடைக்காமல் நின்ற யாரோ இருவர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் தட்டினார்கள். ரதீஸ் மைக்கை அப்ஹாமின் கையில் திணித்துவிட்டு இறங்கினான்.

"விடுங்க அண்ணன்" என்றான் அப்ஹாம், வெளியே வந்து. காத்தான்குடிக்காரன், இதுதான் அவனது முதல் படம். முகமெல்லாம் சந்தோசம். "சனம் சிரிச்சா படம் ஓடும். வேற என்ன வேணும் நமக்கு?"

ஆறு வருசத்துக்கு முன்பு ரதீஸ் கல்முனை பஸ்ஸில் நடத்துநராக இருந்தான். பொழுதுபோக்குக்கு வீடியோ எடுத்து முகநூலில் போடுவான், முந்நூறு பேர் பார்ப்பார்கள். அவனுடைய மச்சான் இராசதுரை, அக்கா அன்னப்பூரணியின் புருசன், செட்டிபாளையத்தில் தோணி வைத்துத் தொழில் செய்பவர். சின்ன வயதிலிருந்தே அவருக்குத் திக்குவாய். அதற்காக அவர் பேசாமல் இருந்தவர் இல்லை. ஒன்பது வருசம் வாவி மீனவர் சங்கத்தின் தலைவர் அவர்தான். சொல் சிக்கினால் உள்ளங்கையை உயர்த்தி, "பொறுங்க, சொல்றன்" என்பார். சனம் பொறுக்கும். அவர் சொல்லி முடிப்பார். மாவட்ட அலுவலகமான கச்சேரியில் பெரிய அதிகாரிகள்கூட அந்தக் கைக்குப் பொறுத்திருக்கிறார்கள்.

ஒரு வருசப்பிறப்பன்று வீட்டில் ரதீஸ் அதை நடித்துக் காட்டினான். கோடு போட்ட சாரன், தலையில் துவாய், உயர்த்திய கை. எல்லோரும் சிரித்தார்கள். இராசதுரையும் சிரித்தார். பிற்பாடு மனம் குத்திய போதெல்லாம் ரதீஸ் பிடித்துக்கொண்டது இதைத்தான்: அண்டைக்கு மச்சானும் சிரிச்சவர்தானே.

வீடியோவாகப் போட்டபோது மூன்று நாளில் நான்கு இலட்சம் பேர் பார்த்தார்கள். அதோடு பஸ் வேலை போனது, பேர் வந்தது. கலியாண வீடுகள், கடைத் திறப்புகள், கொழும்பு, லண்டன், டொரோண்டோ. எங்கே போனாலும் அந்த ஒரு வசனம்தான் வேண்டும். வேறு வசனம் எழுதிப் பார்த்தான். "அத விடுங்க, பொறுங்க சொல்றன் சொல்லுங்க" என்றார்கள்.

அந்த வருசமே சங்கக் கூட்டமொன்றில் இராசதுரை எழும்பிப் பேசத் தொடங்கினார். சொல் சிக்கியது. கையை உயர்த்தினார். அவர் வாய் திறக்க முன்னமே பின்னாலிருந்து ஒருவன் ரதீஸின் குரலில் அந்த வசனத்தைச் சொன்னான். கூட்டம் சிரித்தது. வந்திருந்த மீன்பிடி அதிகாரியும் தலையைக் குனிந்து சிரித்தார். இராசதுரை மூன்று தடவை கையை உயர்த்திப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். அடுத்த கிழமை தலைவர் பதவியை விட்டார். அதன் பிறகு வீட்டுக்கு வெளியே அவர் பேசியதை யாரும் கேட்டதில்லை. சந்தையில் மீன் விற்கும்போது விலையை விரலால் காட்டினார்.

அக்கா இதைச் சொன்னபோது ரதீஸ் டொரோண்டோவில், மேடைக்கு ஏறக் காத்திருந்தான். திரும்பி வந்ததும் மச்சானின் தோணிக்குப் புது எஞ்சின் ஒன்று வாங்கி அனுப்பினான். கொண்டுபோன லொறியிலேயே அது திரும்பி வந்தது. தன் முகநூல் பக்கத்திலிருந்த வீடியோக்களை அழித்தான். அதற்குள் ஆயிரம் பேர் அவற்றை இறக்கித் தங்கள் பக்கங்களில் போட்டிருந்தார்கள். கடைசியில்தான் படம் என்ற யோசனை வந்தது. ஊருக்கு முன்னால் செய்த பிழைக்கு ஊருக்கு முன்னால்தான் மன்னிப்பு என்று நினைத்தான். இரண்டு வருசம் அதிலேயே கிடந்தான்.

முதற்காட்சிக்கு மறுநாள் வெள்ளெண, விடிந்தும் விடியாமலும், மோட்டார் சைக்கிளில் செட்டிபாளையத்துக்குப் போனான். படலையடியிலேயே அன்னப்பூரணி மறித்தாள்.

"ஏன் வந்தாய்?"

"நீங்க வருவிங்க எண்டு பாத்துக்கொண்டு இருந்தன் கா. கதிரைகூட வெச்சிருந்தன்."

"கதிரைக்கா குறை எங்களுக்கு?"

"மச்சானோட ரெண்டு வார்த்த கதைக்கணும்."

"நீதான் கதைப்பாய். அது தெரியும்" என்றாள் அவள். ஆனாலும் விலகி வழிவிட்டாள்.

வீட்டின் பின்புறம் வாவிக்கரை. இராசதுரை கவிழ்த்து வைத்த தோணிக்குப் பக்கத்தில் இருந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். ரதீஸ் எதிரே மணலில் குந்தினான். படத்தில் குந்தியதைப் போலவே குந்தியிருக்கிறோம் என்பது உறைத்ததும் கூச்சப்பட்டு எழும்பி, தோணி விளிம்பில் சாய்ந்தான்.

"மச்சான், நான் செஞ்சது பிழை. படம் எடுத்ததே அதச் சொல்லத்தான். சனம் சிரிச்சிற்று. நான் என்ன செய்ய? நான் அழுதாலும் சிரிக்காங்க, செத்தாலும் சிரிப்பாங்க."

இராசதுரை ஊசியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பேச வாயெடுத்தார். முதற்சொல் சிக்கியது.

"படம் பாக்க விருப்பமில்லையா?" என்றான் ரதீஸ்.

இல்லை என்று தலையசைத்துவிட்டு மறுபடி தொடங்கினார்.

"படத்த நிப்பாட்டவா?"

மறுபடியும் இல்லை.

"படத்தில உங்கட பேரு வரல்ல மச்சான், அதுக்குப் பயப்பட..."

"வாய மூடுடா!" என்று கத்தினாள் அன்னப்பூரணி. பின்னால் வந்து நின்றிருந்தாள். "ஆறு வருசமாகியும் உனக்கு இது ஒண்டு விளங்கல்ல."

ரதீஸ் மூடினான். காத்திருந்தான். ஒரு மனிதன் ஒரு வரியைச் சொல்லி முடிக்கும் வரை வெறுமனே காத்திருப்பது இத்தனை கடினம் என்று அவனுக்குத் தெரியாது. இராசதுரை ஒவ்வொரு சொல்லுக்கும் எடுத்துக்கொண்ட நேரத்தை இங்கே எழுதிக் காட்டத் தேவையில்லை. சொன்னதுதான் முக்கியம்.

"உன்ட படத்தில நான் என்ன சொல்றன்?" என்று கேட்டார்.

படத்தில் அந்த மனிதன் ஒன்றும் சொல்வதில்லை. மன்னிப்புக் கேட்டவனின் தலையில் கை வைப்பான். இசை வரும். படம் முடியும்.

"ஒண்டும் சொல்லல்ல மச்சான். தலையில கை வெப்பிங்க."

"என்னக் கேட்டயா, நான் வெப்பனா எண்டு?"

ரதீஸ் சாய்ந்திருந்த தோணி விளிம்பை விட்டு நேராக நின்றான்.

"முதல்ல நீ என்னப் பேசாமப் பண்ணினாய்" என்றார் இராசதுரை. "மறுகா என்னயே வெச்சி உன்ன நீயே மன்னிச்சிற்றாய்."

ரதீஸுக்குக் கோபம்தான் வந்தது. எஞ்சின் வேண்டாம். படம் வேண்டாம். வீட்டுக்கு வந்தாலும் குற்றம். "அப்ப நான் என்னதான் செய்யணும்?" என்று சத்தம் போட்டான். "சொல்லுங்க! நீங்களும் சொல்ல மாட்டிங்க, ஊரும் கேட்காது. நான் எங்க போய் முட்டுற?"

அவன் சத்தம் அடங்கும் வரை இராசதுரை பொறுத்திருந்தார். பிறகு சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். அதிகாரி வருகிறார். வெளியிலிருந்து வருபவர்கள் தடைசெய்த தங்கூசி என்ற மெல்லிய நைலோன் வலையால் வாவியை அரித்துக்கொண்டு போகிறார்கள். இப்போதைய தலைவர் வாய் திறப்பதில்லை. தான் பேசப் போவதாகவும், ரதீஸ் வந்து முன்வரிசையில் இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

ரதீஸின் முகம் மலர்ந்தது. "அப்ப நான் முதல்ல ரெண்டு வார்த்த பேசி சனத்த அடக்கி..."

"வேணாம். நீ வாய் திறந்தா அது உன்ட கூட்டமாப் போயிரும்."

அன்று பின்னேரம் ரதீஸ் அப்ஹாமைக் கூப்பிட்டு, தலையில் கை வைக்கும் காட்சியை வெட்டச் சொன்னான்.

"அதுதானே அண்ணன் படத்துக்கு உசிரு!" அப்ஹாம் பதறினான். "எல்லா ஊருக்கும் குடுத்தாச்சு. இனி ஒண்டும் செய்ய ஏலா. அது கிடக்கட்டும், உங்கட அழுகைய யாரோ வெட்டி யூடியூப்ல போட்டிருக்காங்க. ஒரு நாளைல ரெண்டு இலட்சம் போயிற்று!"

"அழுகையாவா, பகிடியாவா?"

"பகிடியாத்தான். ஆனா போகுது அண்ணன்."

ஞாயிறு காலை சங்க மண்டபத்துக்குள் ரதீஸ் நுழைந்ததும் ஆட்கள் எழும்பினார்கள். கைகொடுத்தார்கள், செல்பி எடுத்தார்கள். தலைவர், "நம்மட கலைஞர்" என்று மாலையோடு மேடைக்கு அழைத்தார். ரதீஸ் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு முன்வரிசையில் இருந்துகொண்டான். பெண்கள் பக்கத்தில் அக்கா இருந்தாள். அவனைப் பார்க்கவில்லை.

இராசதுரை எழும்பினார். வெள்ளைச் சேட்டு, கையில் ஒரு தாள். முதற்சொல் சிக்கியது. உள்ளங்கையை உயர்த்தினார்.

பின்வரிசையில் ஒரு குரல் "பொ..." என்று தொடங்கியது. உடனே மண்டபம் முழுவதும் ரதீஸின் முகத்தைத்தான் பார்த்தது. அவன் சிரித்தால் சிரிக்கலாம் என்று காத்திருந்தது. அவனுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சும்மா வைத்திருந்தாலே சிரிப்பு வரவேண்டுமென்று பழக்கிய முகம். அதை அசையாமல் வைத்தான். அதற்கும் இரண்டு பேர் சிரித்தார்கள். திரும்பி அவர்களை நாலு வார்த்தை ஏசவேண்டும் போல் உடம்பெல்லாம் எரிந்தது. ஏசினாலும் பகிடியாகத்தான் போகும். கதிரையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இருந்தான்.

இராசதுரை கையை இறக்கவில்லை. சிரிப்பு தானாக ஓயும் வரை உயர்த்தியபடியே நின்றார். பிறகு பேசினார். எந்தெந்தத் துறையில், எந்தக் கிழமையில், எத்தனை தோணி வந்தது என்று சொன்னார். இறால் குஞ்சோடு அள்ளிப் போகிறார்கள் என்று சொன்னார். "தங்கூசி" என்ற சொல்லில் "த" நெடுநேரம் நின்றது. ரதீஸின் நாக்கு நுனியில் அந்தச் சொல் முழுதாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். இராசதுரை தானே சொன்னார். அதிகாரி மூடி வைத்திருந்த பேனையைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

ஏறக்குறைய இருபது நிமிடம் பேசினார். அந்த இருவரும் இடைக்கிடை சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ரதீஸைப் பார்ப்பதை விட்டு அவரைப் பார்த்தார்கள். புதன்கிழமை தோணியில் வந்து பார்ப்பதாக அதிகாரி சொன்னார். வருவாரா என்று யாருக்கும் தெரியாது.

வெளியே ஒரு பெண் கைப்பேசியை நீட்டியபடி வந்தாள். "தம்பி, அந்த வசனத்த ஒருக்காச் சொல்லுங்க. என்ட மகளுக்கு, கட்டாருக்கு அனுப்பணும்."

"இனி அதச் சொல்றல்ல அக்கா."

"பெரிய ஆளாகிற்றார்" என்று பக்கத்தில் நின்றவளிடம் முணுமுணுத்துக்கொண்டு அவள் போனாள்.

இராசதுரை சைக்கிளை உருட்டியபடி அவனைக் கடந்து போனார். நிற்கவில்லை. ஒரு தலையசைப்பாவது வரும் என்று ரதீஸ் எதிர்பார்த்திருந்தான். அதுவும் வரவில்லை. பின்னால் வந்த அன்னப்பூரணிதான் நின்றாள்.

"அடுத்த மாசம் முதலாம் ஞாயிறும் கூட்டம் இரிக்கி. உன்ன வரச் சொன்னவர்."

"வந்து?"

"இண்டைக்கு இருந்த மாதிரி இரி."

"அப்பிடி எத்தினை கூட்டத்துக்கு கா?"

"அவரு சொல்லல்ல. நான் கேட்கவும் இல்ல."

"அண்டைக்கு எனக்குக் கொழும்பில நிகழ்ச்சி இரிக்கி. போஸ்டர் எல்லாம் ஒட்டிற்றாங்க."

"அப்ப போ" என்றாள் அவள். குடையை விரித்துக்கொண்டு புருசனின் பின்னால் நடந்தாள்.

ரதீஸ் வெயிலில் சற்று நேரம் நின்றான். வாய்க்குள் வந்த கெட்ட வார்த்தையை யாருக்குச் சொல்வதென்று தெரியாமல் விழுங்கினான். பிறகு கொழும்பு நிகழ்ச்சிக்காரரைக் கூப்பிட்டு, வரமுடியாது என்றான். மறுபக்கம் சிரித்தது.

"பகிடி விடாதிங்க ரதீஸ்."

"பகிடி இல்ல."

அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். ரதீஸ் தொடர்பைத் துண்டித்துவிட்டு, "நான் வரமாட்டேன்" என்று எழுத்தில் அனுப்பினான். ஒரு நிமிடம் போனது. பிறகு கைப்பேசி அடிக்கத் தொடங்கியது. இந்தத் தடவை அவர் சிரிக்கமாட்டார் என்று தெரிந்தது. எடுக்காமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளை உதைத்தான். முதல் உதைக்கு அது எழும்பவில்லை.