துவாயும் பானையும்

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக் களத்தில் விளையாட்டுப் போட்டி வைப்போம் என்று எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக் கபூர் மாஸ்டர் சொன்னபோது எனக்கு ஆட்சேபணை இல்லை. நாட்டாரையும் கூப்பிடுவோம் என்றாரே, அப்போதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ருவான்வெல்லைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது. கீழே இருக்கும் சிங்களக் கிராமத்தை நாங்கள் 'நாடு' என்போம், அதன் ஆட்கள் நாட்டார். இரண்டாயிரமாம் ஆண்டு, பீலித் தண்ணீரில் குளிக்கப் போன இரண்டு பேர் முட்டிக்கொண்டு, அது நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரை உடைகிற வரை போய்விட்டது. என் வீட்டுக்காரர் நாகலிங்கத்துக்கு மண்டையில் ஏழு தையல். எங்கள் ஆட்களும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் நாட்டார், பஸ் ரோட்டுக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் பெரிய மரம் ஒன்றை வெட்டிப் போட்டார்கள். ஏறித் தாண்டலாம். தாண்டக் கூடாது என்பதுதான் அதற்கு அர்த்தம்.

அன்றிலிருந்து என் மகள் ஷாமிளா மலையைச் சுற்றிப் போய்த்தான் பஸ் பிடிக்கிறாள். நாலரை மணிக்கே புறப்பட வேண்டும். காலெல்லாம் அட்டைக்கடி. சாதாரணதரப் பரீட்சை எழுதப் போகிற பிள்ளை வகுப்பில் தூங்கி விழுகிறாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார்.

மாஸ்டருக்கு அந்தக் கவலை இல்லை. இரண்டாயிரத்து இரண்டில் வடக்கில் சண்டை நிறுத்தம் வந்ததிலிருந்து அவர் வாயில் ஒரே கதைதான்.

"நாப்பத்தெட்டுல லண்டன்ல ஒலிம்பிக் வச்சாங்க. ஊரு குண்டுபட்டு இடிஞ்சு கெடந்துச்சு. சீனிக்கும் எறச்சிக்கும் கூப்பன். வந்தவங்க பள்ளிக்கூடத்துலயும் பட்டாளக் கேம்புலயும் படுத்தாங்க. குளிச்சுத் தொடைக்கிற துவாயை அவங்கவங்களே கொண்டாந்தாங்க, சில பேரு சாப்பாட்டையும் கொண்டாந்தாங்க. நம்ம சிலோனுக்கு மொத மெடல் அங்கதான்!"

"சண்ட போட்ட ஜெர்மன்காரன கூப்பிட்டாங்களா மாஸ்டர்?" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "இல்ல. ஜப்பானையும் கூப்பிடல. நாலு வருசம் கழிச்சு அடுத்த ஒலிம்பிக்குக்குத்தான் வந்தாங்க."

"நமக்கு ரெண்டு வருசந்தானே ஆச்சு? இன்னும் ரெண்டு வருசம் போகட்டுமே!"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் விடியற்காலையில் ஷாமிளா கண்ணை மூடிக்கொண்டே சப்பாத்து மாட்டினாள், இடதுகால் சப்பாத்தை வலதுகாலில். ரப்பர் பால் வெட்டப் போகிற வழியில் மாஸ்டரைப் பார்த்து, "நாட்டாருக்கு எழுதித் தொலைங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

அவர் சிங்களத்தில் எழுதி நாட்டுக் கடை குணதாச முதலாளிக்குத் தபாலில் போட்டார்.

போட்டி வைத்த ஞாயிற்றுக்கிழமை நூறு பேருக்குச் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கி வைத்தோம். பத்து மணியாயிற்று. ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டோமோ என்று என்னை நானே திட்டிக்கொண்டேன்.

பத்தரைக்கு ரப்பர் மரங்களுக்கு நடுவே ஆட்கள் தெரிந்தார்கள். நாகலிங்கத்தின் கை தானாகத் தலைத் தழும்புக்குப் போனது. கிட்ட வந்ததும் பார்த்தால், பொம்பளைகள், பிள்ளைகள், கிழவர்கள்கூட. ஒவ்வொருவர் தோளிலும் ஒரு துவாய்! நாலு பேர் கம்பில் கட்டித் தூக்கி வந்தது இரண்டு பெரிய பானை நிறையச் சோறும் கறியும்.

எனக்கு ரத்தம் கொதித்தது. லயத்துச் சோறு இவர்களுக்கு ஆகாதாமா? நேரே முதலாளியின் மனைவி சோமாவதியிடம் போனேன்.

"எங்க சோத்துல வெசமா வச்சிருக்கோம்?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

அவள் திகைத்துப் போனாள். இடுப்பிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினாள். "நீங்கதானே அக்கே எழுதியிருக்கீங்க? போட்டிக்கு வர்றவங்க துவாயும் சாப்பாடும் கொண்டு வரணும்னு."

மாஸ்டர் வாங்கிப் படித்தார். படித்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். மனுசன் அழைப்பை இரண்டு வரியில் எழுதிவிட்டு, லண்டன் கதையை ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறார்! அதையெல்லாம் போட்டியின் சட்டம் என்று நினைத்துவிட்டார்கள் நாட்டார்.

"அட ஆண்டவனே!" என்றேன். விசயம் புரிந்ததும் சோமாவதிக்கு வந்த சிரிப்பில் துவாயால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர்களின் பலாக்காய்க் கறியை நாங்கள் தின்றோம், எங்கள் கருவாட்டை அவர்கள் தின்றார்கள். கயிறிழுப்பில் அவர்களுக்குத்தான் வெற்றி. போகட்டும்.

ஆனாலும் மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. சாயங்காலம் வெறும் பானை ஒன்றைத் தூக்கிக்கொண்டு, சோமாவதியோடு குறுக்குப் பாதையில் இறங்கினேன். இரண்டு வருசத்துக்குப் பிறகு.

பாதையில் மரம் இல்லை. இரண்டு துண்டாக அறுத்து ஓரத்துத் தண்ணீர்க் கானுக்குள் உருட்டிவிட்டிருந்தார்கள்.

"சோத்துப் பானையோட தாண்ட முடியல அக்கே," என்றாள் சோமாவதி. "விடிஞ்சதுலேர்ந்து மரம் அறுக்கிற வாளால அறுத்தாங்க. அதான் பிந்திட்டோம்."

பானையைக் கீழே வைத்துவிட்டு அந்த மரத்தின் மேலேயே உட்கார்ந்து அழுதேன். அப்பாடா என்றிருந்தது.

திங்கட்கிழமை நாலு மணிக்குப் பழக்கத்தில் எழுந்து ஷாமிளாவை எழுப்பப் போனேன். போர்வையை மட்டும் இழுத்துவிட்டு வந்தேன். ஆறு மணி வரை தூங்கினாள் என் பிள்ளை.