மூன்று நாள் தூரம்

மதுரையில் வந்து இறங்கிய முத்துக்கிருஷ்ணன், விருதுநகர் வரை வந்தும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அங்கேயே ஒரு லாட்ஜில் ரூம் போட்டுப் படுத்துக்கொண்டான். இடுப்பெலும்பு முறிந்து அம்மா கிடப்பது இரண்டு தெரு தள்ளி. பெற்ற பிள்ளை செய்கிற காரியமா இது? அவனுக்கே வாய் கசந்தது.

எல்லாம் பழைய பொய் பண்ணின வேலை. நான்கு வருஷத்துக்கு முன்னால், நாரணாபுரத்தில் பட்டாசு கம்பெனி நடத்திவந்த அப்பா திடீரென்று போய்ச் சேர்ந்தபோது, இவன் சிகாகோவில் அப்போதுதான் புது வேலையில் ஒட்டியிருந்தான். லீவு கேட்கப் பயம். "பிளேன்ல வந்து சேரவே மூணு நாளாகும்மா" என்று போனில் அளந்துவிட்டான். நிஜத்தில் ஒரு நாள் பயணம். அம்மா சொர்ணலட்சுமி அதை அப்படியே நம்பினாள். அத்தனை நாள் ஐஸ் பெட்டியில் போட்டு வைக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்று அவளே சொன்னாள். சித்தப்பா மகன் ராம்குமார் கொள்ளி வைத்தான். இவன் பதினாறாம் நாளுக்கு வந்து மொட்டை மட்டும் போட்டுக்கொண்டு போனான்.

நேற்றுக் காலையில் தங்கை கீர்த்திகா போன் செய்து, அம்மா வழுக்கி விழுந்துவிட்டாள் என்றதும், பதறிப்போய்க் கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டான். மதுரையில் காலை வைத்த பிறகுதான் உறைத்தது: இவ்வளவு சீக்கிரம் போய் நின்றால் அன்றைக்குச் சொன்னது பொய்யென்று தெரிந்துபோகுமே! இரண்டு நாள் ஒளிந்திருந்துவிட்டு, மூன்றாம் நாள் மூச்சிரைக்கப் போய் நிற்கலாம் என்று திட்டம் போட்டான். படித்த படிப்பு இதற்குத்தான் உதவியது.

மத்தியானம் கீர்த்திகா மறுபடியும் கூப்பிட்டாள்.

"அண்ணே, எங்கன இருக்கீக?"

"துபாய்ல." ஜன்னலுக்கு வெளியே வத்தல் மூட்டை ஏற்றிய லாரி ஹாரன் அடித்தது.

"டாக்டர் இன்னைக்கே ஆபரேஷன் பண்ணணும்ங்காரு. அம்மா மாட்டேங்குது. மகன் மொகத்தைப் பாக்காம உள்ள போக மாட்டேன், மூணு நாளும் பொறுத்துக்கிடுதேன்னு ஒரே அடம். வலியில பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்குண்ணே."

முத்துக்கிருஷ்ணனுக்கு உடம்பெல்லாம் கூசியது. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினான்.

அம்மா அவனைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல் முனகினாள். "வந்துட்டியா ராசா! அதுக்குள்ளயா? எப்பய்யா ஏறுன?"

"நேத்துக் காலையிலதாம்மா. ஒரு நாள்தான் ஆச்சு."

 அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப ஒங்கப்பாவ ஒரு நாள் வச்சிருந்திருக்கலாமேய்யா. ஒன்னைய இன்னொரு வாட்டி கேக்காம, நான்தான் அவசரப்பட்டுத் தூக்கச் சொல்லிட்டேன். நீ கொள்ளி வைக்க வேண்டியதை நானே கெடுத்துட்டேனே. என்னைய மன்னிச்சுருய்யா."

நர்ஸ்கள் ஸ்ட்ரெச்சரைத் தள்ளினார்கள். 'இல்லம்மா, நான்தான் பொய் சொன்னேன்' என்று சொல்ல ஆபரேஷன் தியேட்டர் வாசல் வரைக்கும் நேரமிருந்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான். வாயைத் திறக்கவில்லை.