பேர் சொல்லாத அழைப்பு

கல்யாணம் பேச என்னிடம் வருகிறவர்கள் இன்ன இன்ன வேண்டும் என்றுதான் ஆரம்பிப்பார்கள். தங்கமணியும் வேடியப்பனும் எதெல்லாம் வேண்டாம் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். மேளம் வேண்டாம், மைக் செட் வேண்டாம், ஐயர் வேண்டாம், மண்டபம் வேண்டாம். கடைசி வரியில், பேச்சு வேண்டாம்.

“பேச்சுன்னா இன்னாம்மா?”

“வாய்ப் பேச்சுதாண்ணா,” என்றாள் தங்கமணி. “வேன்லேர்ந்து எறங்குனதுலேர்ந்து பந்தி முடியற வரைக்கும் ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது.”

“சாம்பார் வேணும்னா?”

“கையக் காட்டட்டும்.”

வேடியப்பன் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தான். அவன் வெள்ளிமலைப் பையன், அவள் வடக்கனந்தல் பெண். மூன்று வருஷம் இரண்டு பேரும் கல்வராயன் காட்டுக்குள் பறவைக் கணக்கெடுப்புக்குப் போனவர்கள். பேசினால் பறவை பறந்துவிடும் என்பதால் எல்லாவற்றையும் ஜாடையிலேயே பேசிப் பழகி, கடைசியில் காதலையும் ஜாடையிலேயே சொல்லி முடித்துவிட்டார்கள். அப்படிச் சேர்ந்தவர்களுக்கு அப்படியே ஒரு கல்யாணம் வேண்டும். வெள்ளிமலைக்கு மேலே ஒரு ஓடைக்கரை, நாற்பது பேர், வாழையிலைச் சாப்பாடு.

நான் கண்ணாயிரம். கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் ஜவுளி வியாபாரம் செய்த குடும்பம். பந்தல், பாத்திரம், சமையல் என்று கல்யாண வேலைக்குத் திரும்பியவன் நான் ஒருத்தன்தான். சொன்ன விலையைக் குறைத்தே கொடுக்கும் ஊரில் பேரம் பேசி வளர்ந்ததால் எனக்குத் தூக்கத்திலும் வாய் ஓயாது என்று என் மனைவி சொல்வாள். என்னிடம் வந்து பேச்சில்லாத கல்யாணம் கேட்கிறார்கள்! ஒத்துக்கொண்டேன். சவால் என்றால் எனக்குக் கொஞ்சம் சபலம் உண்டு.

சிக்கல் பெண்ணின் அம்மா லட்சுமியம்மாளிடம் இருந்தது.

“ஐயர் வேணாம், சரி. மோளம் வேணாம், அதுவும் சரி. பூவாடைக்காரியக் கூப்புடாம எப்புட்றா தம்பி தாலி ஏறும்?”

எங்கள் பக்கத்தில் இது எல்லா வீட்டிலும் உண்டு. குடும்பத்தில் கன்னியாகவோ சுமங்கலியாகவோ செத்துப்போன பெண்தான் பூவாடைக்காரி. அந்த வீட்டில் கல்யாணம் என்றால் தண்ணீர்க்கரைக்குப் போய், பம்பை உடுக்கை அடித்து, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். செம்பில் தண்ணீர் மொள்ள வேண்டும். புதுப்புடவை வைத்துப் படைத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

லட்சுமியம்மாள் வீட்டுப் பூவாடைக்காரி, அவளுடைய மூத்த மகள் பச்சையம்மாள். பத்தொன்பது வயதில், பரிசம் போட்ட மறுவாரம், வயல் கிணற்றில் விழுந்து போனாள். பதினோரு வருஷம் ஆகிறது.

“அவளுக்குப் பாத்த கல்யாணந்தான் நடக்கல. தங்கச்சி கல்யாணத்துக்காச்சும் அவ வந்து ஒரு பொடவ வாங்கிக்கினு போவணும். நான் வேற இன்னா கேக்கறேன்?”

“பம்பை அடிச்சா எங்க கல்யாணமே இல்லம்மா அது,” என்றாள் தங்கமணி. அவளும் அழுதுகொண்டுதான் சொன்னாள்.

இரண்டு பக்கமும் இறங்காதபோது நடுவில் ஒரு இடம் கண்டுபிடிப்பதுதான் என் பரம்பரைத் தொழில். “ரெண்டு பேரும் கேளுங்க. பம்பையும் வேணாம், சத்தமும் வேணாம். நாப்பது பேரும் ஓடைக்கரையில நின்னு மனசுக்குள்ள கூப்புடுவோம். ஒருத்தர் கத்துறத விட நாப்பது பேர் நெனைக்கறது ஜாஸ்தியா கம்மியா?”

லட்சுமியம்மாள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். “உங்க வூட்டுல அப்புடித்தான் கூப்டீங்களா?”

எங்கள் வீட்டிலும் உண்டு. என் தங்கை சின்னப்பொண்ணு, பதினேழு வயதில் மஞ்சள்காமாலை. என் கல்யாணத்தில் அவளைக் கூப்பிடவில்லை. காலை ஆறு மணிக்கு மண்டபம், ஏழரைக்கு முகூர்த்தம், அவசரம். பிறகு படைத்துக்கொள்ளலாம் என்றேன். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. அதையெல்லாம் அவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? “அப்புடித்தாங்கா,” என்றேன்.

ஒப்பந்தம் முடிந்தது. லட்சுமியம்மாளும் வாயைத் திறப்பதில்லை என்று மகள் கையில் அடித்துக் கொடுத்தாள்.

கல்யாணத்தன்று காலை மலையில் மூடுபனி. இரண்டு வேன்களில் நாற்பது பேர் வந்து இறங்கினார்கள். செல்போன்களை ஒரு பிரம்புக்கூடையில் வாங்கி வைத்தேன். பறவைச் சத்தமும் ஓடைச் சத்தமும் தவிர வேறெதுவும் இல்லை. கல்யாணக் கூட்டம் பேசாமல் நின்றால் துக்க வீடு மாதிரி இருக்கும் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

லட்சுமியம்மாள் முழங்கால் தண்ணீரில் இறங்கிச் செம்பை அமிழ்த்தினாள். எல்லோரும் கண்ணை மூடினோம். எத்தனை நேரமோ தெரியாது. கண்ணைத் திறந்தபோது அவள் செம்பைத் தூக்க முடியாமல் நின்றாள். சின்னச் செம்பு. வேடியப்பன் போய் ஒரு கை கொடுத்தான். அவனுக்கும் முடியவில்லை. மூன்று பேர் சேர்ந்து கரைக்குக் கொண்டுவந்தார்கள். ஓடைக்கல் ஏதாவது உள்ளே போயிருக்கும் என்று எட்டிப் பார்த்தேன். தெளிந்த தண்ணீர், வேறொன்றுமில்லை.

தாலி கட்டியாயிற்று. பந்தி ஆரம்பித்தது.

ஜமுக்காளத்தின் மேல் நாற்பது இலை. பரிமாறிக்கொண்டிருந்த சமையல்காரர் கொளஞ்சியப்பன் என்னைப் பார்த்து விரல்களை விரித்தார். ஏழு இலை போதவில்லை என்று ஜாடை. நான் கையால் மறுத்தேன். மனுஷர் தலையில் அடித்துக்கொண்டு வரிசையின் கடைசியைக் காட்டினார்.

கடைசியில் ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தலை குனிந்திருந்தது. ஈரக்கூந்தலும் பின்னலும் முன்னால் விழுந்து முகம் தெரியவில்லை. பெண் வீட்டார் அவர்களைப் பையன் வீடு என்று நினைத்தார்கள், பையன் வீட்டார் பெண் வீடு என்று நினைத்தார்கள். எந்தக் கல்யாணத்திலும் நடப்பதுதான். மற்றக் கல்யாணம் என்றால் ‘நீங்க எந்த ஊருங்க?’ என்று யாராவது கேட்டிருப்பார்கள். இங்கே கேட்க வழியில்லை. கொளஞ்சியப்பன் வேறு வழியில்லாமல் ஏழு இலை போட்டுச் சோறும் வைத்தார். ஒருத்தியும் தொடவில்லை. அவர்கள் உட்கார்ந்த இடத்தில் ஜமுக்காளம் நனைந்து, ஈரம் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது.

லட்சுமியம்மாள் பார்த்துவிட்டாள். தாம்பாளத்தில் அரக்குப் புடவையை வைத்துக்கொண்டு வந்து அந்த ஏழு பேருக்கு முன்னால் நின்றாள். ஒரு புடவை, ஏழு பேர். ஏழு பேரும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள்.

அவள் முதல் பெண்ணின் முன்னால் குனிந்து பார்த்தாள். பிறகு அடுத்தவள். பதினோரு வருஷம், தண்ணீரில் போன பிள்ளை. பெற்றவளுக்கே அடையாளம் தெரியவில்லை. வாய் திறந்தது, மூடியது. கையில் அடித்துக் கொடுத்த வாக்கு. அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பையன் வீட்டு ஜனங்களுக்குப் பச்சையம்மாள் யாரென்று என்ன தெரியும்? மனசுக்குள்ளே கூப்பிடு என்றால் அவரவர் மனசுக்குள் யார் இருந்தார்களோ அவர்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் செய்து வைத்த சமரசம் பேர் எழுதாத அழைப்பிதழ்.

“பச்சக்கா!”

சத்தம் மலையில் பட்டுத் திரும்பியது. மணப்பெண்தான் எழுந்து நின்றாள். “யக்கா! பச்சக்கா! எங்கிட்ட வா. பொடவ ஒனக்குதான். நான் தங்கமணி கூப்புடறேன்!”

ஏழு கைகளில் ஆறு தாழ்ந்தன. மூன்றாவது பெண்ணின் கை மட்டும் நீட்டியபடி இருந்தது. லட்சுமியம்மாள் அதில் புடவையை வைத்தாள். “கண்ணு,” என்றாள், அவ்வளவுதான். பனி ஒரு தடவை இலைவரிசைமேல் தவழ்ந்து விலகியது. அந்த இலைமுன் யாரும் இல்லை, புடவையும் இல்லை. சோற்றில் ஒரு பிடி குறைந்திருந்தது.

மீதி ஆறு பேர் அசையவில்லை.

வேடியப்பனின் அத்தை ஆயம்மாள் முன்னால் வந்தாள். “யம்மா சாலம்மா... நாந்தான் கூப்டேன் தாயீ. இந்தா,” என்று தன் மேல்துண்டை வைத்தாள். ஒரு இலைமுன் காலியானது. அவளைப் பார்த்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். எல்லோரும் பேசினார்கள். அழுதார்கள். ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு இடமாகக் காலியானது.

கடைசியில் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள்.

“இது யாரு வூட்டுப் பொண்ணு?” என்றார் கொளஞ்சியப்பன். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் முன்னால் வரவில்லை.

எனக்குத் தெரியும். நனைந்த ரெட்டைப் பின்னல், ஒன்று மற்றதைவிடக் கொஞ்சம் குட்டை. எங்கள் அம்மாவுக்கு ஒருநாளும் சமமாகப் பின்ன வராது. ஓடைக்கரையில் கண்ணை மூடியபோது பச்சையம்மாளைத்தான் நினைக்க வேண்டும் என்று பிடிவாதமாக நினைத்தேன். வந்தவள் வேறு.

என் தோளில், காலையில் மரியாதைக்காக லட்சுமியம்மாள் போர்த்திய துண்டு இருந்தது. அதை எடுத்து இலைமுன் வைத்தேன். “சின்னப்பொண்ணு... இப்போதைக்கு இத வச்சுக்கோம்மா.”

துண்டு நகர்ந்தது. யாரோ விரலால் தள்ளுவதுபோல, என் பக்கமே திரும்பி வந்தது.

ஜவுளிக் கடைக்காரன் மகள். முதலில் சொன்னதற்கு அவள் எப்போது ஒத்துக்கொண்டிருக்கிறாள்?

“சரி, பொடவ. நல்ல பொடவ. வர்ற வெள்ளிக்கெழம, நம்ம வூட்டுல, படையலோட. சொன்னா சொன்னதுதான்.”

தலை மெதுவாக ஆடியது, அந்த இடமும் காலியானது. ஒத்துக்கொண்டாள் என்றுதான் நினைத்தேன். பந்தலைப் பிரித்துப் பாத்திரத்தை ஏற்றினோம். மலையிறங்கும்போது என் வேன் டிரைவர் அம்மாசி, “அண்ணே, முன் சீட்டு ஏன் இப்புடி ஈரமா கீது? தண்ணி கேன் எதுனா கவுந்துச்சா?” என்று கேட்டான். அன்றைக்குப் பேசாமலிருக்க நானும் கற்றுக்கொண்டிருந்தேன்.

இன்றைக்குப் புதன்கிழமை. அண்ணனின் ஜவுளிக் கடையிலிருந்து ஆறு புடவைகள் கொண்டுவந்து கூடத்தில் கட்டிலின் மேல் வைத்திருக்கிறேன். காலையில் பார்த்தால் நீலப் புடவை மட்டும் கீழே கிடக்கிறது, ஓரம் நனைந்து. பச்சையையும் மஞ்சளையும் யாரோ பிரித்துப் பார்த்து, ஒன்றும் பிடிக்காமல், திரும்ப மடித்து வைத்திருக்கிறார்கள்.

நாளைக்கு இன்னும் நாலு எடுத்து வர வேண்டும்.