அடி ஓட்டையான கோப்பைகள்

"பாத்தியா, ஓக் மரத்து நிழல். இந்த வெயில்ல இப்படி ஒரு இடம் எவனுக்குக் கிடைக்கும்?" என்று பழைய பிக்கப் வண்டியைப் பூட்டிக்கொண்டே எசல் பெருமையடித்துக்கொண்டான்.

அவன் அக்கா லுவீனியா அதைக் காதிலேயே வாங்கவில்லை. அவளுக்கு வேறு கவலை. அவர்கள் கொள்ளுப்பாட்டியைப் பெற்ற பைனா, இந்த வில்லோபி நெல் தோட்டத்தில் கறுப்பின அடிமையாக உழைத்து இங்கேயே செத்தவள். எங்கே புதைத்தார்கள் என்று குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியாது. இந்த வசந்தத்தில் கண்ணை மூடுமுன் அம்மா கடைசியாகக் கேட்டதும் அதைத்தான். "கண்டுபிடிச்சுச் சொல்றேம்மா" என்று லுவீனியா வாக்குக் கொடுத்துவிட்டாள். தோட்டத்தைப் புதுப்பித்து அருங்காட்சியகம் ஆக்கியவர்களோ, இடுகாடு இருந்ததற்குத் தடயமே இல்லை என்று ஃபோனில் கையை விரித்துவிட்டார்கள். நேரில் போய்ப் பார்த்தால்தான் ஆச்சு என்று தம்பியை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

சுற்றிக்காட்ட வந்த மெரிட் சின்னப் பெண். பார்க்க வருபவர்களுக்காக மாட்டிவிட்டிருந்த, வளையம் வைத்துத் தைத்த பழங்காலப் பாவாடையில் பாவம், வாசல்படி தாண்டவே திணறினாள். லுவீனியா அவளைப் பேசவிட்டால்தானே. நெல் குத்தும் உரலுக்குள் கையை விட்டாள், அடுப்புக் கதவைத் திறந்தாள், கட்டிலுக்கடியில் குனிந்தாள்.

"டிக்கெட் வாங்கினா வீட்டையே வாங்கினதா அர்த்தம் இல்லக்கா" என்றான் எசல்.

"நீ சும்மா வாடா."

கடைசியில் அடிமைகளின் குடிசை. உள்ளே கண்ணாடிப் பெட்டியில் கோப்பைகள், கிண்ணங்கள், ஒரு பால் குவளை.

"இதெல்லாம் அவங்க சாப்பிட்ட பாத்திரங்க. உடைஞ்சதைக்கூடத் தூக்கிப் போடாம வச்சிருந்திருக்காங்க பாருங்க" என்றாள் மெரிட். மனதாரத்தான் சொன்னாள்.

லுவீனியா மூக்கு கண்ணாடியில் படக் குனிந்தாள். விளிம்பு நன்றாக இருந்தது. கைப்பிடியும் நன்றாக இருந்தது. அடியில் மட்டும் ஓட்டை. ஒரு கோப்பை என்றால் சரி, கிண்ணத்திலும் குவளையிலுமா?

"அடி ஓட்டையான கோப்பையில யாரும்மா காப்பி குடிப்பா?"

எசல் முகத்தில் சிரிப்பு நின்றுபோனது. அம்மாவின் டீ கோப்பையைக் கவிழ்த்து, ஆணி வைத்து அடியில் தட்டி, கல்லறை மேல் வைத்தவள் இந்த அக்காதான். பக்கத்தில் நின்றவன் அவன். செத்தவர் கடைசியாகக் குடித்த கோப்பை அவரோடு போக வேண்டும். முழுசாக வைத்தால் அதே வீட்டில் இன்னொருவரும் பின்னாலேயே போவார் என்று அவர்கள் ஊர்ப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் ஓட்டை போட்டுத்தான் வைப்பார்கள்.

"இது சமாதி மேல வைக்கிறதும்மா. இதை எங்க எடுத்தீங்க?" என்று கேட்டாள் லுவீனியா.

"புதருக்குள்ள அங்கங்க கிடந்துச்சு. குப்பைமேடுன்னு நினைச்சோம். வேலியோரம், அந்த ஓக் மரத்தடியில. போன மாசம்தான் சுத்தம் பண்ணி, சரளைக்கல் கொட்டி..."

"கொட்டி?"

"வண்டி நிறுத்துற இடம் ஆக்கினோம்" என்றாள் மெரிட், முகம் வெளுத்து.

லுவீனியா திரும்பிப் பார்க்கையில் எசல் அங்கே இல்லை. வண்டியை நோக்கி ஓடினாள். அவன் வண்டிக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, சாவியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"எஞ்சினப் போட மனசு வரலக்கா. அவங்க தலை மேலயே உறுமுமே."

பிரேக்கை எடுத்துவிட்டுத் தோளைக் கொடுத்தான். லுவீனியா செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னால் நின்று தள்ளினாள். சரளைக்கல் காலைக் குத்தியது. குத்தட்டும்.

"பைனா, கொஞ்சம் பொறுத்துக்கோ. நாங்க உன் புள்ளைங்கதான்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள். அழுதுகொண்டே தள்ளினாள்.

மெரிட் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "நானும் தள்ளட்டுமா?"

"தள்ளும்மா. மெதுவா."

வண்டி பாதைக்கு வந்து நின்றதும் லுவீனியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தக் கோப்பைகளில் எது பைனாவுடையது என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

"அந்தக் கண்ணாடிப் பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

மெரிட் பாவாடை மடிப்புக்குள் கையை விட்டுத் தேடத் தொடங்கினாள்.